அளவுப் பிள்ளை

எங்க லைன் வீட்டுல பதினோரு பிள்ளைங்க இருபத்தி ரெண்டு பிள்ளைங்களா ஆனது ஒரு ஆடி மாசப் புதன்கிழமை, சரியா மத்தியானச் சோத்துக்கு உட்கார்ற நேரத்துல. அன்னைக்கு எனக்கு வந்த முதல் கவலை என்ன தெரியுமுங்களா? தட்டு பதினொண்ணுதான் இருக்குது, மிச்சத்துக்கு எங்க போறது?

நான் மயிலாத்தா. திருப்பூர்ல பதினெட்டு வருஷம் ஓவர்லாக் மிஷின் ஓட்டினவ. இடுப்பு போன பொறகு கம்பெனியை விட்டுப்போட்டு, வேலைக்குப் போற பொம்பளைங்களோட பிள்ளைகளை என் வீட்டு முன்னறையில வெச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கேன். காலையில எட்டு மணிக்கு விட்டா ராத்திரி எட்டரைக்கு வந்து தூக்கிட்டுப் போவாங்க. ஒன்றரை ஷிப்டுன்னா அப்படித்தான். அத்தனை நேரமும் டிவி முன்னாடி உட்கார வெச்சா அது பிள்ளையா இருக்காது, பூசணிக்காயா ஆயிரும். அதனால கைக்கு ஏதாவது வேலை குடுத்துக்கிட்டே இருப்பேன். வெண்டைக்காயைக் குறுக்க வெட்டி மஞ்சத்தண்ணியில முக்கிப் பழைய காலண்டர் தாளுக்குப் பின்னாடி பூ அச்சு வைக்கச் சொல்லுவேன், கழண்டு போன சட்டைப் பொத்தானையெல்லாம் நிறம் நிறமாப் பிரிச்சு நூல்ல கோத்து ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லுவேன், தேங்காத் தொட்டியில களிமண்ணை வெச்சு இட்லி ஊத்தச் சொல்லுவேன், நாலு வயசு தாண்டின கைன்னா மொண்ணை ஊசியைக் குடுத்து ஓட்டுத் தையல் சொல்லித் தருவேன். துணிக்கு இந்த ஊர்ல பஞ்சமா? கம்பெனிக்குக் கம்பெனி பனியன் வேஸ்ட்டை மூட்டை கட்டி வெளிய வெச்சிருக்கறாங்க.

அந்த வருஷம் என்ற புத்தி எங்க போச்சோ, ஒவ்வொரு பிள்ளையும் தன்னையே ஒரு பொம்மையாத் தெக்கட்டும்னு ஒரு யோசனை பண்ணினேன். துணியை ரெண்டா மடிச்சு விரிச்சு, பிள்ளையை அது மேல மல்லாக்கப் படுக்க வெச்சு, கையைக் காலை அகட்டிவிட்டு, உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் சுத்திச் சாக்பீஸ்ல கோடு போடணும். விலாப்பக்கம் சாக்பீஸ் வர்றப்ப கூச்சம் தாங்காம நெளிஞ்சு சிரிக்குமுங்க பாருங்க, அந்தச் சிரிப்புக்காகவே ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை படுத்துச்சுங்க. பொறகு கோட்டை வெட்டி, ஓரம் தெச்சு, உள்ள வேஸ்ட்டைத் திணிச்சு, பொத்தான்ல கண்ணு வெச்சோம்.

தப்பு அங்கதான். பதினெட்டு வருஷம் மிஷின்ல உட்கார்ந்தவளுக்கு வெட்டத் தெரியாதுங்க. கம்பெனியில கட்டிங் மாஸ்டர் வெட்டுவாரு, டெய்லர் தெப்பா, செக்கிங் பொம்பளை பார்ப்பா. ஒருத்தர் வேலை ஒருத்தருக்குத் தெரியாது. தையலுக்குப் பிடிக்கறதுக்குன்னு கோட்டுக்கு வெளிய ரெண்டு விரக்கடை துணி விட்டு வெட்டணும், அந்த உள்துணி இருந்தாத்தான் பின்னால பத்தலைன்னாப் பிரிச்சு விட முடியும். இது முந்தாநாள் மிஷின் பழகின பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்கு உறைக்கலை. கோட்டு மேலயே வெட்டிப்போட்டேன். தெச்சு முடிச்சுப் பார்த்தா ஒவ்வொரு பொம்மையும் அதது பிள்ளையை விட ஒரு சுத்துச் சின்னதா வந்து நின்னுச்சு.

பதினோரு பொம்மையையும் சுவரோரமாச் சாத்தி வெச்சிருந்தேன். அந்தப் புதன்கிழமை ரசஞ்சோறு பிசைஞ்சு, "வாங்க கண்ணுகளா"ன்னு கூப்பிட்டேன். பிள்ளைங்க வந்துச்சு. அதுங்களுக்குப் பின்னாலயே பொம்மைங்களும் எந்திரிச்சு வந்து, அதது பிள்ளைக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உட்கார்ந்துச்சு. சோறு தின்னலை, தட்டையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. வான்னா வந்துச்சு, உட்காருன்னா உட்கார்ந்துச்சு, படுன்னாப் படுத்துச்சு. அழுகை இல்லை, மூக்கு ஒழுகலை, அடுத்ததைக் கடிக்கலை. அட கெரகமே, இப்படி ஒரு பிள்ளையைத்தானே ஊர்ல அத்தனை பேரும் கேக்கறாங்கன்னு எனக்கே தோணிப் போச்சு.

லைன்ல யாரும் பெருசா மலைச்சுப் போகலைங்க. கம்பெனியில ஆர்டர் வர்றதுக்கு முன்னால அளவு பார்த்து ஒரு பீஸ் தெச்சுக் காட்டுவாங்கல்ல, சாம்பிள்னு, அந்தப் பேரையே இதுங்களுக்கு வெச்சுட்டாங்க. வீட்டுக்காரம்மா வந்து எட்டிப் பார்த்து, "ஏனுங் மயிலாத்தா, இதுங்களும் தண்ணி புழங்குமா?"ன்னு கேட்டாங்க, புழங்காதுன்னதும் நிம்மதியாப் போயிட்டாங்க. சொட்டு மருந்து குடுக்க வந்த பிள்ளை, அவசரத்துல ஒரு சாம்பிளுக்கும் ரெண்டு சொட்டு ஊத்தி, வாயோரம் நனைஞ்சதைத் துடைச்சுவிட்டு, சுண்டுவிரல்ல மை வெச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போச்சு. மாரியாத்தா கோயில் பூசாரி பதினொண்ணுக்கும் திருநீறு வெச்சாரு. மழையில நனைஞ்சா கொடியில ரெண்டு தோள்லயும் கிளிப்புப் போட்டுத் தொங்க விட்டோம். தேய்ப்பு வண்டிக்காரரு அதுகளைப் பார்த்துட்டு, கஞ்சி போடோணுமா, சும்மா தேய்ச்சாப் போதுமான்னு கேட்டாரு, அவ்வளவுதான்.

மொதல்ல மாத்தித் தூக்கிட்டுப் போனது மும்தாஜுங்க. அன்னைக்குச் சிப்மெண்ட்டு, சரக்கு அனுப்பற நாளு, கால் ரெண்டும் வீங்கி வந்தவ, தூங்கிக் கிடந்த ரெண்டுல ஒண்ணைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டா. அவ மகன் ரியாஸ் விடிய விடிய என் இடுப்பைக் கட்டிக்கிட்டு அம்மா அம்மான்னு கிடந்தான். காலையில வந்தவ, "அக்கா, நேத்து இவன் தூங்கின மாதிரி என்னைக்கும் தூங்கினதில்லக்கா, நானும் அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கினேன்"னா. தோள்ல பொத்தான் கண்ணு ரெண்டும் என்னைப் பார்த்துக்கிட்டு இருக்குது. நான் விவரத்தைச் சொன்னேன். அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா, நானும் சிரிச்சேன். இன்னைக்கு நினைச்சா அந்தச் சிரிப்புக்கு என் வாயில நானே ரெண்டு போட்டுக்கோணும்.

அதுக்கப்புறம் அது ஒரு வழக்கமாயிருச்சு. சிப்மெண்ட் வாரம்னாச் சாம்பிளைத் தூக்கிட்டுப் போவாங்க, ஞாயித்துக்கிழமைன்னா அசலு. ஒறம்பரை வீட்டு விசேஷத்துக்கு அசலு, பஸ்ஸுல தூரப் பயணம்னாச் சாம்பிளு. யாரும் கெட்டவங்க இல்லைங்க. நாள் பூரா நின்னுட்டு வந்தவளுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் ஆசைதானே. ஆனா ரெண்டு மாசத்துல ஒவ்வொருத்தியா வந்து திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. மும்தாஜ்தான் அதுலயும் மொதல்ல. "முத்தம் குடுத்தா திருப்பிக் குடுக்க மாட்டேங்குதுக்கா"ன்னு சொல்லி, என் மடியில பொம்மையைப் போட்டுட்டு, அந்தப் பக்கம் மண்ணுல புரண்டுக்கிட்டு இருந்த ரியாஸைத் தூக்கி அழுத்தி அழுத்தி மோந்து பார்த்தா. பத்துப் பொம்மையையும் பிரிச்சுத் தலகாணி பண்ணிட்டோம். மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு, ஆறாவது வீட்டுச் செண்பகத்தோட மக இசக்கியோட சாம்பிளு.

செண்பகத்தைப் பத்திச் சொல்லோணும். அம்பாசமுத்திரத்துக்கு அக்கட்டால ஏதோ ஒரு ஊரு. புருஷன் விட்டுப்போட்டுப் போன பொறகு, ரெண்டு வயசுப் பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு, ஒரே ஒரு பையோட இங்க வந்து செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவ. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, கூடப்பிறந்தவளும் இல்லை. என் அடுப்புலதான் அவ சோறு பொங்கினா, என் தட்டுலதான் இசக்கி தின்னுச்சு, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப என் தலையைத் தன் மடியில வெச்சுக்கிட்டு, "எக்கா, எனக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா"ன்னு அழுதவ அவ. நான் நம்பினேன். நாய்க்குட்டி மாதிரி நம்பினேன்.

அந்தச் சமயத்துல அவளுக்கு ஊர்ல இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. ரெண்டாந்தாரம். நல்ல இடம், சொந்த வீடு, வயக்காடு. மாப்பிள்ளைக்குப் பிள்ளைன்னா ஆகாதுன்னு இல்லை, சத்தம்தான் ஆகாதாம், வீட்டுல படுத்த படுக்கையா அவங்க அய்யா கிடக்கறாராம். எங்கிட்ட அவ இதையெல்லாம் சொல்லவே இல்லைங்க, பின்னால தெரிஞ்சதுதான். எங்கிட்டச் சொன்னது, "எக்கா, ஊர்ல அம்மன் கோயில் கொடை. நாலு நாள் இசக்கியக் கூட்டிட்டுப் போயிட்டு வந்திருதேன்." அதுக்கு முந்தின நாள் அந்தச் சாம்பிளைக் கொண்டு வந்து மடியில வெச்சு, முடி நல்லா இல்லைக்கா, காதுல ஒரு கம்மல் தெச்சுக் குடுங்கக்கான்னு கேட்டா. நான் இசக்கிக்குப் பின்னற மாதிரியே கறுப்பு உல்லன்ல ரெட்டை சடை பின்னி, செவப்பு ரிப்பன் கட்டி, பாசிமணியில கம்மல் வெச்சுக் குடுத்தேன். கொள்ளிக்கட்டையை எடுத்து நானே என் தலையைச் சொறிஞ்சுக்கிட்டேன், வேற என்னத்தைச் சொல்ல.

காலையில எலுமிச்சஞ்சோறு கட்டிக் குடுத்து பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைத் தூக்கிக்கிட்டுப் போனேன். செண்பகம் தோள்ல பிள்ளை, சால்வையைப் போத்தி ரெட்டை சடை மட்டும் தொங்குது. "கண்ணு, அக்காளுக்கு டாட்டா சொல்லு"ன்னேன். சொல்லலை, "ஒறங்குதாக்கா"ன்னா செண்பகம். பஸ் கிளம்பிருச்சு. மத்தியானம் பிள்ளைகளுக்கு வெட்டுத் துணி எடுக்கலாம்னு வேஸ்ட் மூட்டையை அவுக்கறேன், உள்ள இசக்கி உட்கார்ந்திருக்கறா, வேர்வையில முடியெல்லாம் நெத்தியில ஒட்டி.

"ஏஞ்சாமி, இங்க என்ன பண்றே?"

"ஸ்ஸு! மூடுங்க அக்கா. கண்ணாமூச்சி. அம்மா ஒளிஞ்சுக்கச் சொல்லிச்சு. அது வந்து கண்டுபிடிக்கற வரைக்கும் வெளிய வரக்கூடாதாம்."

"அதுதான் அக்கா கண்டுபிடிச்சுட்டேன்ல, வா கண்ணு, சோறு தின்னலாம்."

"நீங்க கண்டுபிடிச்சாச் செல்லாது"ன்னு சொல்லி, உள்ள இருந்தே மூட்டை வாயை இழுத்துப் பிடிச்சுக்கிட்டா. பொழுது சாயற வரைக்கும் அந்தப் பிள்ளை வெளிய வரலைங்க. பெத்த மனம் பித்துன்னு பழமொழி சொன்னவன் யாரோ, அவனைக் கூட்டிக்கிட்டு வந்து அந்த மூட்டைக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் உட்கார வெச்சிருக்கோணும்.

போன் போட்டா சுவிட்ச் ஆப். நாலு நாளு நாப்பது நாளாச்சு. லைன்ல கூடிப் பேசினோம். புகார் குடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. "பிள்ளையைக் காணோம்னாத்தான் புகாரு. பிள்ளை இங்க இருக்குது, அம்மாக்காரி கையிலயும் ஒரு பிள்ளை இருக்குது, என்னன்னு எழுதுவீங்க?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டாங்க, புகார்ப் பேச்சு அதோட போச்சு. நாப்பத்தி ஒண்ணாவது நாள் போன் எடுத்துட்டா.

"அடியே செண்பகம், உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிப்போட்டியே, நல்லாருப்பியாடி? பிள்ளையை விட்டுட்டு எப்படிடி சோறு இறங்குது?"

"என்னக்கா இப்படிச் சொல்லுதிய? இசக்கி இங்க எங்கூடத்தான இருக்கா. இந்தா பக்கத்துல ஒறங்குதா. இங்க எல்லாரும் தங்கமான பிள்ளங்காக."

"அப்ப என் வீட்டுல இருக்கறது யாருடி?"

அந்தப் பக்கம் ஆடு கத்துறது கேக்குது. பொறகு மெதுவாச் சொன்னா: "அது அளவுக்கா. நீங்களே வச்சுக்கிடுங்க."

தையக்கடைக்குப் புது ஜாக்கெட்டுத் துணி குடுக்கறப்ப, நல்லாப் பொருந்தற பழைய ஜாக்கெட் ஒண்ணைக் கூடக் குடுப்போமுங்கல்ல, அதுக்குப் பேரு அளவு. பெத்த பிள்ளையை அந்தப் பேர் சொன்னா. என் கையில இருந்த போனை வீசினேன், சுவத்துல பட்டு ரெண்டாப் போச்சு. நான் கத்தின கத்துல லைன் பூரா வந்து நின்னுச்சு, விஷயமும் பூராவுக்கும் தெரிஞ்சு போச்சு. பொறகு என்ன, ஊர் வாய்க்கு உலைமூடி உண்டா? "அளவுப் பிள்ளை சாப்பிட்டாளா மயிலாத்தா?", "அளவுப் பிள்ளைக்கு இந்தக் கவுன் சேருமான்னு பாரு"ன்னு பாசமாத்தான் கேட்டாங்க, ஆனாப் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு.

நான் எல்லாரையும் திட்டி நிறுத்தியிருப்பேன். இசக்கிதான் என்னைத் தடுத்துப்போட்டா. "திட்டாதீங்க மயிலக்கா. நான் அளவுதான். அளவு ஜாக்கெட்டைக் குடுத்தவங்க அதைத் திருப்பி வாங்கத் தையக்கடைக்கு வருவாங்கல்ல? மும்தாஜக்கா வருவாங்க, பக்கத்து வீட்டக்கா வருவாங்க, எல்லாரும் வருவாங்க. அளவு தொலையாம இருந்தாப் போதும்"னா. அஞ்சு வயசுங்க. வெளியில விளையாடப் போனாக் கூட வாசப்படி கண்ணுக்குத் தெரியற தூரத்துலதான் நிப்பா. அவ தெச்ச கைக்குட்டை, ஊசி வெச்ச துணிப்பை, பொத்தான்ல கோத்த மாலை எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு, "அம்மாவுக்கு"ன்னு வெச்சுக்கிட்டா. பள்ளிக்கூடத்துல சேர்த்தேன். வாரம் ஒரு தடவை நிலைப்படியில சாய்ஞ்சு நின்னு சாக்பீஸ்ல உயரத்துக்குக் கோடு போடச் சொல்லுவா. கோடு ஏற ஏற அவளுக்கு முகம் வாடும். "ரொம்ப வளந்துட்டா அளவு மாறிருமாக்கா?"ன்னு ஒரு நாள் கேட்டா. சோத்துல தண்ணியை ஊத்திப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆட்டோ வந்து நின்னுச்சு. செண்பகம் இறங்கறா. நல்ல சேலை, கழுத்துல சங்கிலி, கன்னம் பூரிச்சிருக்குது. கையைப் பிடிச்சுக்கிட்டுச் சாம்பிளு இறங்குது, அதே ரெட்டை சடை, அதே செவப்பு ரிப்பன், துவைச்சுத் துவைச்சு முகம் வெளுத்து. இசக்கி வாசல்ல பிள்ளைகளுக்குப் பொத்தான் கோத்துக் குடுத்துக்கிட்டு இருந்தவ, எந்திரிச்சா. பொத்தானெல்லாம் மடியில இருந்து கொட்டி உருண்டு ஓடுது. ஓடிப் போயிக் கட்டிக்குவான்னு பார்த்தேன். நின்ன இடத்துலயே நின்னு, மூச்சு வாங்க, ஒரு சிரிப்புச் சிரிச்சா.

"நான் அவுட்டு! மயிலக்கா, அம்மா கண்டுபிடிச்சுருச்சு, நான் அவுட்டு!"

செண்பகம் அவ தலையைத் தொட்டா. "வளந்துட்டாளே"ன்னா, துணிக்கடையில துணியைத் தொட்டுச் சொல்ற மாதிரி. பொறகு எங்கிட்டத் திரும்பி, "எக்கா, ஒரு ஒதவி. பள்ளிக்கூடத்துல சேக்க மாட்டேங்காக. எங்க ஊரு பெரிய வாத்தியாரு பழைய ஆளு, கையத் தலைக்கு மேல கொண்டு போயி மறு காதத் தொடணும்ங்காரு. ரெண்டு வருசமா இவளுக்குக் காது எட்டல. இவ வளரவே மாட்டேங்கா. வீட்டுல எல்லாரும் சங்கடப்படுதாவ. கொஞ்சம் பிரிச்சு விட்டுத் தாங்கக்கா"ன்னா.

இதைக் கேட்டுக்கிட்டே இசக்கி வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல கொண்டு போய் இடது காதைப் பிடிச்சுக் காட்டினா. நல்லாவே எட்டுச்சு. செண்பகம் அதைப் பார்த்தா, பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்னென்ன பேசினேன்னு எனக்கே தெரியாது. "பிரிச்சு விடறதுக்கு உள்ள துணி இல்லடி. கோட்டு மேல வெட்டினது. நீ அதைத் தூக்கிட்டு ஓடினப்பவே அதுல ஒண்ணும் இல்ல. வளர்ற பிள்ளை இங்க நிக்குது, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ, உன் காலைக் கழுவிக் குடிக்கறேன்"ன்னு சொன்னேன். சொல்லியே போட்டேனுங்க, எனக்குப் பிள்ளை போயிட்டாலும் பரவாயில்லைன்னு.

அவ அழுதா. அது நிஜமான அழுகைதான், பொய் சொல்லக் கூடாது. "முடியாதுக்கா. ரெண்டு வருசம் இவளத்தான் என் பிள்ளன்னு காட்டியிருக்கேன். இப்பப் போயி வேற ஒண்ணக் கொண்டு நிறுத்துனா என்னைய வெட்டிப் போட்டுருவாக." முந்தானையில மூக்கைத் துடைச்சுக்கிட்டு, வேஸ்ட் மூட்டையை ஒரு பார்வை, இசக்கியை ஒரு பார்வை பார்த்து, "அதான் அளவு இருக்குல்லாக்கா. புதுசா ஒரு அளவு எடுத்து, இதே மாதிரி பெருசா ஒண்ணு தச்சுக் குடுங்க, நான் இருந்து வாங்கிட்டுப் போறேன்"னா.

"செத்தாலும் கத்திரி எடுக்க மாட்டேன்"னேன்.

நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள இசக்கி உள்ள போய் நல்ல வெள்ளைத் துணியா ஒண்ணைத் தேடி எடுத்துட்டு வந்து, ரெண்டா மடிச்சுச் சுருக்கமில்லாம விரிச்சு, அது மேல மல்லாக்கப் படுத்து, கையைக் காலை அகட்டிக்கிட்டா. சாக்பீஸை எங்கிட்டக் குடுக்கலை. அவ அம்மாகிட்ட நீட்டினா.

செண்பகம் மண்டி போட்டு உட்கார்ந்து உள்ளங்கால்ல இருந்து கோடு போட ஆரம்பிச்சா. குதிகால், கெண்டைக்கால், முட்டி. விலாப்பக்கம் சாக்பீஸ் வந்துச்சு. நாலு வயசுல நெளிஞ்சு நெளிஞ்சு சிரிச்ச பிள்ளை, கூச்சத்தைப் பல்லைக் கடிச்சு அடக்கிக்கிட்டு, அசையாமக் கிடந்தா. கண்ணை மூடியிருந்தா. அம்மாக்காரியோட புறங்கை அவ கழுத்துல பட்டப்ப மட்டும் வாயைத் திறந்தா.

"மெதுவாப் போடும்மா."

செண்பகம் கை நின்னுச்சு. ஒரு மூச்சு நேரம்தான். பொறகு காதைச் சுத்தி, உச்சந்தலையைச் சுத்தி, மறுபக்கம் இறங்கிக் கோட்டை முடிச்சுட்டு எந்திரிச்சு, எங்கிட்டச் சொன்னா: "எக்கா, இந்தத் தடவ மறக்காம உள்ள நெறையத் துணி விட்டுத் தச்சிருங்க. வருசா வருசம் நானே பிரிச்சு விட்டுக்கிடுவேன். அடிக்கடி இங்க வந்துட்டு இருக்க முடியாதுல்லா." சொல்லிட்டுக் கையில ஒட்டின சாக்பீஸ் மாவைக் கழுவக் குழாயடிக்குப் போனா.

நான் வெட்ட மாட்டேன்னு சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இசக்கி எந்திரிச்சு வந்தா. கத்திரிக்கோலைத் தேடி எடுத்து என் கையில வெச்சு, விரலை ஒவ்வொண்ணா மடக்கி விட்டு, குழாயடிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, என் காதுல வாயை வெச்சுச் சொன்னா.

"கோட்டு மேலயே வெட்டுங்க மயிலக்கா. உள்ள துணி விடாதீங்க."

கோட்டு மேலயேதான் வெட்டினேன்.